மரக்காலும் மனக்கணக்கும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கணக்குப் புதிர்கள்

வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கணக்குப் புதிர்கள் நெல்லளவையையும் நிலவளவையையும் ஒட்டியே வளர்ந்தன. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நிலத்தில் வேலியும் மாவும் குழியும். பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன: அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. கங்கைகொண்ட சோழபுரம் சோழர் தலைநகராக இருந்த நாள்களிலேயே வரிக்கணக்கு இந்த நுண்ணிய பின்னங்களில்தான் எழுதப்பட்டது. களத்தில் நெல்லை அளந்து கூலியும் வாரமும் பிரிக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவற்றை மனத்திலேயே கூட்டிக் கழிக்க வேண்டியிருந்தது.

முறைப்படி கணக்குக் கற்பித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் தொகுத்த விவரப்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன, 1,88,650 பேர் படித்தார்கள். அன்று இந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1995 வரை அப்படியே நீடித்தது. அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் ஜமீன்கள் இருந்ததால் புலவர்களும் பாடகர்களும் அங்கே வந்து தங்கினார்கள். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூர், குன்னம், செங்கணம் ஆகிய ஊர்களில் பாடம் கேட்டார். அவருடைய ‘என் சரித்திரம்’ அந்தக் காலக் கல்வியை அறிய இன்றும் நல்ல சான்று.

திண்ணையில் எண்சுவடி வாய்ப்பாடாக ஓதப்பட்டது. மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் வாய்ப்பாடுகள் நாவில் படிந்த பிறகு மனக்கணக்கு வரும். ஆசிரியர் கணக்கை வாயால் சொல்வார், பிள்ளைகள் வாயாலேயே விடை சொல்வார்கள். எழுதிப் பார்க்க இடமில்லாத இந்தப் பழக்கமே புதிர்களுக்கு ஏற்ற நிலமாக அமைந்தது.

நூல் வடிவில் இந்த மரபின் முதன்மையான சான்று, சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’. நிலம், பொன், நெல், கல், காலம் என்று அளவைகளைச் செய்யுளில் வகுத்துச் சொல்லும் இந்த நூல், வேடிக்கைக் கணக்குகளுக்கும் இடம் தருகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அவற்றுள் பெயர் பெற்றது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். ஐம்பது முள் இருந்தால் அறுபது சுளை. பழங்கள் இந்தச் சூத்திரத்துக்கு எப்போதும் கட்டுப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் விடை சரியா என்று பார்க்கப் பழத்தை அறுக்க வேண்டும், அறுத்தால் நாலு பேர் கூடி எண்ண வேண்டும், பிறகு தின்ன வேண்டும். கணக்கை ஊருக்குப் பொதுவாக்க இதைவிடச் சிறந்த உத்தி இல்லை.

திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தலித் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை, பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. அவர்களுடைய அறிவுக்கூர்மை விடுகதையில் வெளிப்பட்டது. தொல்காப்பியம் ‘பிசி’ என்று இலக்கணம் வகுத்த அளவுக்குப் பழமையான வடிவம் இது. கை வேலையாக இருக்க, வாய் ஓய்வாக இருக்கும் நேரமெல்லாம் விடுகதைக்கு உகந்த நேரம். கணக்கும் கதையும் கலந்த புதிர்கள் பலவும் இப்படித்தான் வாய்வழி வந்தன. புதிர் வரலாற்றைச் சுவடிகளை மட்டும் வைத்து எழுதினால் இந்தப் பாதி விடுபட்டுப்போகும்.

அப்படி வந்தவற்றில் தமிழ்நாடெங்கும் தெரிந்தது பறவைக் கணக்கு. பறந்து போகும் கூட்டத்தைப் பார்த்து, மரத்தில் இருந்த ஒற்றைப் பறவை “நீங்கள் நூறு பேரா?” என்று கேட்கிறது. “நாங்களும், எங்களளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு” என்று பதில் வருகிறது. இதற்கு இயற்கணிதம் வேண்டியதில்லை. கூட்டத்தை நாலு பங்காக வைத்துக்கொண்டால் நாலும் நாலும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து பதினொரு பங்கு. கேட்ட பறவையைக் கழித்தால் தொண்ணூற்றொன்பது. ஆகவே ஒரு பங்கு ஒன்பது, கூட்டம் முப்பத்தாறு. கால், அரை என்று பழகிய மனம் பங்கு பிரித்தே இந்த விடைக்கு வந்துவிடும்.

எண்ணெய்க் கணக்கு மரக்காலிலிருந்தே பிறந்ததுபோல் தோன்றும். எட்டுப் படி எண்ணெயை, ஐந்து படி, மூன்று படிப் பாத்திரங்களை மட்டும் கொண்டு இருவருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஏழு முறை மாற்றி ஊற்றினால் முடிந்துவிடும். இதே எட்டு, ஐந்து, மூன்று ஐரோப்பாவிலும் இடைக்காலம் முதல் வழங்குகின்றன. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாக அக்கரை சேர்க்கும் புதிரைக் கொள்ளிடக் கரையில் கேட்பவர் தம் ஊர்க் கதை என்றே நினைப்பார். ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்ற வடிவில் அது ஐரோப்பிய அறிஞர் அல்குயின் பெயரால் வழங்கும் லத்தீன் தொகுப்பில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. எது எங்கிருந்து போயிற்று என்று தேடுவதைவிட, ஓநாய் இங்கே புலியாகவும் முட்டைக்கோஸ் புல்லுக்கட்டாகவும் நிற்பதைக் கவனிப்பது பயன் தரும். சொல்பவர் தம் ஊர்ப் பொருளை வைத்துச் சொன்னால்தான் கேட்பவர் யோசிக்கத் தொடங்குவார்.

அச்சுப் பாடநூலும் அரசுத் தேர்வும் பரவியதும் திண்ணைப் பள்ளிகள் மறைந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் அளவைகளில் வந்தது. 1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா. அணாவும் பலமும் மரக்காலும் படிப்படியாகப் புழக்கத்திலிருந்து விலகின. மாகாணியையும் முந்திரியையும் நம்பிய கணக்குகளுக்கு அதன்பின் கேட்க ஆளில்லை. நெல்லிலக்கத்தின் நுட்பம் அறிந்தவருக்கு இது பெரிய இழப்பு.

அளவையைச் சாராத புதிர்கள் தப்பித்தன. நாற்பது பலக் கல் விழுந்து நாலு துண்டாகிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டே ஒன்று முதல் நாற்பது பலம் வரை எதையும் நிறுக்க முடிகிறது என்றால், துண்டுகளின் எடை என்ன? ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு. தராசின் இரு தட்டிலும் கல்லை வைக்கலாம் என்று தோன்றினால் விடை வரும்: இரண்டு பலம் நிறுக்க ஒரு தட்டில் மூன்றும், பொருளோடு ஒன்றும் வைத்தால் போதும். 1202இல் ஃபிபோனாச்சி எழுதிய நூலிலும் இதே நாலு எடைகள் உண்டு. பலம் போய் ராத்தல் வந்தபோது ராத்தலிலும், ராத்தல் போய்க் கிலோ வந்தபோது கிலோவிலும் இந்தப் புதிர் எண் மாறாமல் சொல்லப்பட்டு வருகிறது.