மருத்துவத் தேர்வும் ஆங்கிலச் சொல்லும்: மானிப்பாய் முதல் கெடாத் தோட்டங்கள் வரை

கெடாவின் தென்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு 'டிரசர்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. தோட்டத்து மருந்தகத்தை நடத்தியவர் அவர். பிரித்தானிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவரின் கீழ்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட பயிற்சி மாணவரைக் குறித்த பெயர், கடல்கடந்து வந்தபோது தோட்டத்து மக்களின் அன்றாட வைத்தியரைச் சுட்டலாயிற்று. துரைக்கும் கிராணிக்கும் அடுத்தபடியாக 'ஐயா' என்று அழைக்கப்பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

தோட்ட வரலாற்றை எழுதியோர் கங்காணி, சம்பளம், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். டிரசரின் மொழியைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவரைப் பணிக்குத் தகுதியுடையவராக ஆக்கியது ஆங்கிலம். அவர் பணிசெய்த மொழியோ தமிழ். இவ்விரண்டிற்கும் இடையே அவர் நாள்தோறும் செய்த மொழிபெயர்ப்பை எந்தத் தேர்வும் சோதித்ததில்லை என்பது நம் கருத்து. இன்று நம்மிடம் வரும் தாதியர் பயிற்சி மாணவர்களின் இடர்ப்பாட்டுக்கும் இந்தப் பழைய இடைவெளிக்கும் தொடர்பு உண்டு. ஆதலின் சற்றுப் பின்னோக்கிச் செல்கிறோம்.

தோட்டமும் மருந்தகமும்

1909ஆம் ஆண்டின் ஆங்கிலேய - சயாமிய உடன்படிக்கைக்குப் பின் கெடா பிரித்தானியரின் ஆதிக்கத்துள் வந்தது. இரயில் பாதை 1915இல் அலோர் ஸ்டார் வரை எட்டியது. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்து நிறுத்தும்வரை தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆள்கள் வந்துகொண்டிருந்தனர். காட்டை அழித்த இடங்களில் மலேரியா கடுமையாக இருந்தது. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்கவேண்டிய கடமையை மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. ஒவ்வொரு தோட்டத்திலும் மருத்துவரை அமர்த்துதல் இயலாது. எனவே மருத்துவர் குறித்த நாள்களில் வந்து பார்வையிட்டுச் செல்ல, எஞ்சிய நாள்களில் பொறுப்பு முழுவதும் டிரசரைச் சார்ந்தது. காலைப் பெரட்டில் கொயினா மருந்து கொடுப்பது முதல் இரவில் பிரசவ வலிக்கு ஓடுவது வரை அவர் வேலைதான்.

இப்பணிக்கு வந்தோருள் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுதி. அவர்கள் ஊர்களில் மிஷனரிமார் நிறுவிய பள்ளிகள் ஆங்கிலத்தைப் பரப்பியிருந்தமையே காரணம். மருந்துப் புட்டியின் எழுத்து, நோயாளர் பதிவேடு, மருத்துவருக்கு அனுப்பும் குறிப்பு, நிருவாகிக்குத் தரும் மாத அறிக்கை யாவும் ஆங்கிலம். நோயாளியின் வாயிலிருந்து வருவது மட்டும் தமிழ்.

அந்தத் தமிழும் ஒன்றாக இல்லை. யாழ்ப்பாணத்தில் 'வருத்தம்' என்றால் நோய். 'என்ன வருத்தம்?' என்று அவ்வூர் டிரசர் கேட்டால், சேலத்திலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்த பெண்ணின் காதில் 'உனக்கு என்ன துயரம்?' என்றுதான் அது விழும். அவள் காய்ச்சலை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தால் அவள்மீது பிழையில்லை. 'தடிமன்' என்பதை அவள் சளி என்று கொள்வாளா என்பதும் ஐயமே. தமிழுக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பு முடிந்த பிறகுதான் ஆங்கிலத்துக்கு வழி.

ஆங்கிலத்துக்குச் செல்லும் வழியும் நேரானதன்று. 'மயக்கமா வருதுங்க' என்பதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? தலை இலேசாவதும், சுற்றுப்புறம் சுழல்வதும், நினைவிழந்து விழுவதும் தமிழில் மயக்கமே. ஆங்கில மருத்துவம் முதலாவதை 'கிட்டினஸ்', இரண்டாவதை 'வெர்ட்டிகோ', மூன்றாவதைச் 'சிங்கப்பி' என வெவ்வேறாக்கும். மூன்றுக்கும் காரணமும் சிகிச்சையும் வேறு. டிரசர் எழுதும் ஒரு சொல்லைப் பொறுத்தே மருத்துவர் அடுத்த வருகையில் எதைத் தேடுவார் என்பது அமையும். நோயாளியிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்த டிரசரே நல்ல டிரசர். அக்கேள்விகளைத் தமிழில்தான் கேட்கவேண்டும்.

மானிப்பாயில் நிகழ்ந்த ஒரு முயற்சி

மேலை மருத்துவத்தை ஆங்கிலத்தில்தான் கற்றல் இயலும் என்ற எண்ணம் அந்நாளில் எதிர்ப்பின்றி நிலைபெற்றதன்று. ரப்பர் மரம் கெடாவுக்கு வருமுன்னரே யாழ்ப்பாணத்தில் அது கேள்விக்குள்ளாக்கப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமே. விடுமுறைக்குப் பின் திரும்பிவந்த அவர், 1864 முதல் தமிழில் மருத்துவம் கற்பிக்கலானார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குச் சென்றுவிடுவர். தமிழில் பயின்றோர் தம் ஊர் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கணிப்பு.

நூல்களின்றி வகுப்பு நடவாது. கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இலும், வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875இலும் வெளிவந்தன. அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' முன்னரே வந்திருந்தது. மொழிபெயர்ப்பில் அவர் மாணவர்களும் பங்குகொண்டனர். கலைச்சொல்லாக்கத்தில் அவர் கொண்ட நெறி நம் கவனத்திற்குரியது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் முதலில்; அது கிடைக்காதபோது வடசொல்; அதுவும் இல்லையெனின் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உருக் கொடுத்தல். 'கெமிஸ்தம்' இம்மூன்றாம் வழியில் பிறந்தது. இவற்றோடு ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் இணைத்துக் காட்டும் சொற்பட்டியல்களும் தொகுக்கப்பெற்றன. அவரது தமிழில் வடசொல் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. உடலியங்கியலைச் 'சுகரணம்' என்றால் இன்றைய மாணவர்க்கு அதுவும் ஓர் அயற்சொல்லே. ஆயினும் ஒரு சொல்லைக் கேட்டவுடன் மாணவன் மனத்தில் பொருள் விளங்கவேண்டும் என்ற நோக்கம் அவரது உழைப்பு முழுவதிலும் தெரிகிறது.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் காலமானார். தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவருக்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். உத்தியோகமும் அங்கீகாரமும் அதன் பக்கம் இருந்தன. அடுத்த தலைமுறையில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் கொழும்போடு நில்லாமல் மலாயாவுக்கும் கப்பலேறினர். கிறீன் அஞ்சியது அப்படியே நடந்தது எனலாம். ஆனால் அவ்வாறு ஊரைவிட்டு வந்தவர்களுள் சிலர் பீடோங்கிலும் கூலிமிலும் தமிழ் நோயாளிகளின் முன்னே உட்கார்ந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். மானிப்பாய்க் கிராமத்தின் இழப்பு கெடாத் தோட்டத்தின் வரவாயிற்று.

தேர்வு மொழியின் மாற்றங்கள்

மலாயாவில் மருத்துவக் கல்வி முதலிலிருந்தே ஆங்கிலத்தில் அமைந்தது. சிங்கப்பூரில் 1905இல் திறக்கப்பட்ட மருத்துவப் பள்ளியில் முதலில் சேர்ந்த 23 பேருள் 16 பேர் மருத்துவப் படிப்புக்கும், 7 பேர் மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கும் வந்தவர்கள். அப்பள்ளியின் சான்றிதழை 1916இல் பிரித்தானிய மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. இலண்டன் ஒப்பும் தரம் வேண்டுமாயின் இலண்டனின் மொழியும் வேண்டும் என்பது அன்றைய நியாயம்.

தோட்டத்து உதவியாளர் நெடுங்காலம் அனுபவத்தாலும் துறைசார் பயிற்சியாலும் பணியாற்றினர். விடுதலைக்குப் பின் 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இப்பணியைப் பதிவுக்கு உட்படுத்தியது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை அந்தப் பதிவை எட்டுவதற்கு முதல் தடை மருத்துவமன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, வேறொரு மொழியில் அறிவியலைப் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. டிரசரின் மகன் டிரசராவது எளிது. பால்மரம் வெட்டியவரின் மகன் ஆவது அரிது. இரண்டு வீட்டிலும் பேசப்பட்டது தமிழ்தான். ஒரு வீட்டில் ஆங்கிலப் புத்தகமும் இருந்தது.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. அதன்பின் நம் மாணவர்க்கு மூன்று மொழிகளில் நோய் வரத்தொடங்கியது. வீட்டில் 'இனிப்பு நீர்', பள்ளியில் 'கென்சிங் மானிஸ்', பயிற்சி நூலில் 'டயபெட்டிஸ்'. நடுவிலுள்ள மலாய்ச் சொல்லும் 'இனிப்பு நீர்' என்றே பொருள்படுவதைச் சுட்டிக்காட்டும்போது வகுப்பில் எழும் சிரிப்பில் கற்றலும் நிகழ்கிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாகி, 2012 முதல் படிப்படியாக மாற்றம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற பிள்ளைகள்தாம் இன்று தாதியராகவும் மருந்தாளுநராகவும் உள்ளனர். 'ஹார்ட்' என்ற சொல்லை முதலாம் ஆண்டிலேயே அறிந்திருந்தும் ஆங்கிலப் பத்தியொன்றைப் படித்துப் பொருள்கொள்ளத் தடுமாறுவோரை அவர்களிடையே கண்டிருக்கிறோம். சொல்லைக் கொடுத்தோம், வாசிப்பைக் கொடுக்கவில்லை.

இன்றைய வாசிப்புப் பயிற்சி

வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் தாதியரும் மருத்துவரும் இன்று எழுதுவது பெரும்பாலும் ஐயல்ட்ஸ் தேர்வையோ, சுகாதாரத் துறையினர்க்கென ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் உருவான 'ஓ.இ.டி.' தேர்வையோதான். பிரித்தானியத் தாதியர் மன்றம் பின்னதை 2017 முதல் ஏற்கிறது. அதன் வாசிப்புத் தாளில் 42 வினாக்கள். நேரம் 60 நிமிடம். முதற்பகுதியில் ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு பனுவல்களிலிருந்து 20 விடைகளை 15 நிமிடத்தில் தேடி எடுக்கவேண்டும். கருத்துணர்தல் பகுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்துப் பழகிய நம் மாணவர் இங்கேயே நேரத்தை இழக்கின்றனர். இங்கு வேண்டுவது, பதிவேட்டில் நேற்றைய காய்ச்சல் அளவைத் தேடும் தாதியின் கண். மருந்தகத்தில் டிரசர் நாள்தோறும் செய்த வாசிப்பு இவ்வகையினதே.

சொற்களைப் பொறுத்தவரை மனப்பாடப் பட்டியல்கள் சந்தையில் நிரம்பக் கிடைக்கின்றன. அவை கடினமான கிரேக்கச் சொற்களையே நாடுகின்றன. எம் அனுபவத்தில் மாணவரை வீழ்த்துபவை எளிய சொற்கள். 'டெண்டர்' என்பதற்கு அகராதியில் 'மென்மையான' என்ற பொருளைக் காணும் மாணவி, வயிறு 'டெண்டர்' என்ற குறிப்பை நலம் என்றே படிக்கிறாள். தொட்டு அழுத்தினால் வலிக்கிறது என்பதே அதன் பொருள். 'அக்யூட்' என்பதைக் கடுமையானது என்றும், 'குரோனிக்' என்பதை அதனினும் கடுமையானது என்றும் கொள்வோர் பலர். திடீரெனத் தோன்றுவது, நெடுநாள் நீடிப்பது என்ற கால வேறுபாடு புலப்படாததால், நாட்பட்ட இலேசான வலியைப் பற்றிய வாக்கியம் அவர்களுக்கு முரணாகத் தோன்றுகிறது. 'நாட்பட்ட' என்ற தமிழ்ச்சொல் ஒன்றைச் சொன்னால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. சோதனை முடிவு 'நெகட்டிவ்' என்பது நல்ல செய்தி என்பதையும் சிலருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டியுள்ளது.

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் ஆங்கிலப் பெயர்கள் ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. தமிழில் இரண்டுமே 'இலியம்'. ஒலிபெயர்ப்பு இங்கே உதவாது; எலும்பு எது, குடல் எது என்ற பொருளோடு ஆங்கில எழுத்தையும் கண்ணால் பதித்துக்கொள்ளவேண்டும். கிறீனின் மூன்றாம் வழிக்கு இது எல்லை.

சென்ற சில பருவங்களாகச் சுங்கை பட்டாணியில் நாம் நடத்தும் சிறு வகுப்பில், ஆங்கிலப் பத்தியைப் படித்தபின் அதே நோயைத் தம் பாட்டி எவ்வாறு சொல்வார் என்று எழுதிவரச் சொல்கிறோம். தோட்டத்தை விட்டு நகரத்துத் தாமானுக்கு வந்து ஒரு தலைமுறையான குடும்பங்களிலிருந்தும் சொற்கள் வருகின்றன. முறைக் காய்ச்சல், மார்ச்சளி, நெஞ்சு கரிப்பு, இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல். அதன் எதிரே, ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் பொருந்துமாயின், நோயாளியிடம் தமிழில் கேட்கவேண்டிய கேள்வி. 'மயக்கம்' என்ற சொல்லுக்கு மட்டும் இதுவரை ஏழு கேள்விகள் சேர்ந்துள்ளன. அவற்றுள் இரண்டைத் தந்தவர், தம் தந்தையார் பாடாங் செராய் வட்டாரத் தோட்டமொன்றில் டிரசராக இருந்த ஒரு மாணவி.