லயங்களை நோக்கி நடந்த திருச்சபை

மலையகமும் மறைபணியும் – வரலாற்றுத் தொடர்

1854-ஆம் ஆண்டில் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனையும், அதன் பணிக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களையும் பற்றிச் சென்ற பகுதி விளக்கியது. தோட்டத்துரையின் அனுமதியின்றி எவரும் லயத்துக்குள் நுழைய முடியாத அக்காலத்தில், திருச்சபை தொழிலாளரிடம் அன்போடு வந்திருப்பினும், துரையின் பங்களாவைத் தாண்டியே அவர்களிடம் வர வேண்டியிருந்தது. இந்நிலை மாறத் தொடங்கிய 1970-களை இப்பகுதி ஆராய்கிறது. மலையக மக்கள் ஒரே தலைமுறையில் நாடற்றவர்களாகவும் பட்டினி கிடப்பவர்களாகவும் ஆன காலமும் அதுவே.

உரிமை இழந்தோரின் பஞ்சம்

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது; அதைத் தொடர்ந்து அவர்களுடைய வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவர்களாக ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரின் முடிவைப் பின்னொரு பேச்சுக்குத் தள்ளிவைத்தது. தங்கள் எதிர்காலம் குறித்த இப்பேச்சில் அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

இதன்மேல் 1973–74-இல் பஞ்சம் வந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியதால் உணவு இறக்குமதி சுருங்க, அரிசி, மாவு, சீனி ஆகியவற்றின் பங்கீடு குறைந்தது. கிராமத்து விவசாயிக்குச் சிறிதளவு வயலோ தோட்டமோ இருந்தது. லயம் எனப்படும், ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றையறை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளிக்கோ, ‘பேர்’ விழுந்த நாளின் கூலியன்றி, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதியப்பட்ட நாளின் ஊதியமன்றி, வேறு ஆதாரம் இருக்கவில்லை. கோதுமை மாவு ரொட்டியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அதுவும் கிட்டாமல் மலைநாட்டு நகரங்களின் தெருக்களில் கையேந்தின. தோட்டப்புறங்களின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது.

இத்துன்பத்தைத் தியாகம் என்று அழைப்பது கிறிஸ்தவ இறையியலுக்குப் பொருந்தாது. சிலுவையில் இயேசு தம் உயிரைத் தாமாகவே கையளித்தார் என்பது திருச்சபையின் அடிப்படை நம்பிக்கை. பிறர் பறித்துக்கொண்டதையும் ஒருவர் மனமுவந்து கொடுத்ததையும் அந்நம்பிக்கை ஒன்றாக எண்ணுவதில்லை. ஆகவே பட்டினியால் வாடியோரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது போதாது. இழப்பதற்கு ஏதேனும் உடையவர்கள் அதை விட்டுக்கொடுக்க முன்வர வேண்டும். அவ்வாறு முன்வந்த சிலரை மலைநாட்டு வரலாறு அறியும்.

பதவியை விட்டு இறங்கியவர்கள்

ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான லியோ நாணயக்கார 1959 முதல் கண்டி ஆயராக இருந்தார். 1886-இல் நிறுவப்பட்டு, கல்லூரிகளும் மடங்களும் நிரம்பி வளர்ந்திருந்த அந்த மறைமாவட்டத்திலிருந்து, அதாவது ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதியிலிருந்து, பதுளை 1972 டிசம்பரில் தனியாகப் பிரிக்கப்பட்டபோது, வசதிகள் குறைந்த புதிய மறைமாவட்டத்தையே அவர் விரும்பி ஏற்றார். குருத்துவ மாணவர்கள் மதில்களுக்குள் நூல்களை மட்டும் கற்று வெளியேறுவது போதாதென்று கருதிய அவர், பண்டாரவளையில் சேவக செவன என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவி, கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு தங்கி வாழ்வதைப் பயிற்சியின் பகுதியாக்கினார். 1982-இல் மறையும்வரை அவர் அம்மலைகளைவிட்டு நீங்கவில்லை.

அதே 1972-இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். முந்தைய ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கியிருந்த வேளையில், சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பணியாற்றிய சமூகமாக அது உருவாயிற்று. அதுவரை வெளியுலகின் கண்ணில் படாதிருந்த தோட்ட வாழ்க்கையை ஆய்ந்து எழுதுவதும், குடியுரிமைக்காகக் குரல் கொடுப்பதும், அயலிலுள்ள சிங்களக் கிராமத்தாரையும் தோட்டத்தாரையும் சந்திக்கச் செய்வதும் அதன் பணிகளாயின. 2017-இல் காலமாகும்வரை, ஏறத்தாழ 45 ஆண்டுகள், கஸ்பர்ஸ் அடிகள் இம்மக்களின் விடுதலையையே தம் துறவறத்தின் பொருளாகக் கொண்டிருந்தார்.

இருவரும் தம்மை வெறுமையாக்கிக்கொண்ட கிறிஸ்துவைப் பின்பற்றினர் எனலாம். தன்வெறுமையாக்கம் என்பது, உயர்ந்த நிலையில் இருப்பவர் அந்நிலையைப் பற்றிக்கொள்ளாமல் தாழ்ந்தோரின் இடத்துக்கு இறங்கி வருவதைக் குறிக்கும் இறையியல் கருத்து. அவ்விறக்கம் மலையகத்தில் லயத்தின் வாசல்வரை வந்தது.

மக்களே தந்த ஈகம்

எனினும் தியாகம் திருச்சபைக்கு மட்டும் உரிய சொத்தன்று. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11 அன்று டெவன் தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தொடர்ந்த எதிர்ப்பின் முன் அத்திட்டம் கைவிடப்பட்டது. மலைநாட்டின் பெரும்பான்மைத் தமிழர் இந்துக்கள் என்பதையும், தங்கள் நிலத்துக்காக முதலில் நின்றவர்கள் அம்மக்களே என்பதையும் கிறிஸ்தவ வரலாறு பணிவோடு ஏற்க வேண்டும்.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலில் மலைநாட்டு நகரங்களும் எரிந்தபின், குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க வேறொரு வகை ஈகத்தைச் செய்தார். இதயநோயால் நலிவுற்றிருந்தும் பாதிக்கப்பட்டோரைத் தேடிச் சென்ற அவர், தாம் பிறந்த சிங்கள சமூகம் நிகழ்ந்த குற்றத்தின் ஒழுக்கப் பொறுப்பை ஏற்று வருந்த வேண்டும் என்று தம் இறுதி மேய்ப்புரையில் வெளிப்படையாக அறிவித்தார்; அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று மறைந்தார். தன் இனத்தாரின் பாராட்டை இழக்கத் துணிந்த அவ்வுரை, அஞ்சி ஒடுங்கியிருந்த தமிழர்களுக்குத் தாம் முற்றிலும் கைவிடப்படவில்லை என்னும் உறுதியை அளித்தது.

நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 1988-இலும் 2003-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தொழிற்சங்கங்களும் அரசியல் தலைவர்களும் பெயரறியாத தொழிலாளரும் பல்லாண்டு உழைத்துப் பெற்ற இவ்வுரிமையில், மேற்கூறியோரின் பங்கு ஒரு பகுதியே. ஆனால் துன்பக் காலத்தில் நம்பிக்கை பிறக்கும் வழியை அப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது: துன்புறுவோரை மேலும் தியாகம் செய்யும்படி கேட்பதால் அது பிறப்பதில்லை, வசதியும் பதவியும் நற்பெயரும் உடையோர் அவற்றை அவர்களுக்காக இழக்கும்போதே பிறக்கிறது. சொந்தக் காணியும் தனிவீடும் இன்னும் பல குடும்பங்களுக்குக் கிட்டாதிருப்பதால், உடையோர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் கோரிக்கை மலைநாட்டுத் திருச்சபையிடம் இன்றும் நிலுவையில் உள்ளது.

அடுத்த பகுதி, ஒப்பந்தத்தின்படி தாயகம் அனுப்பப்பட்ட குடும்பங்கள் நீலகிரியில் வேர்பிடித்த வரலாற்றைக் கூறும்.

(தொடரும்)