காசும் பேழையும்

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரி அதியமான்களின் தலைநகர். அதற்குக் கிழக்கே செங்கம் வட்டத்து ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுப் புதையலொன்று வெளிப்பட்டது. பழந்தமிழ் எழுத்தில் ‘அதினன்’, ‘சேந்தன்’ எனும் பெயர்கள் அக்காசுகளில் உள. அதினன் என்பது அதியமானையே குறிக்கும் என்பர் அறிஞர் சிலர்.

மண்ணுள் பல நூற்றாண்டு கிடந்தும் அழியாத ஈயம், மரப்பேழையுள் சில ஆண்டுகளிலேயே அழியக்கூடும் என்றால் வியப்பன்றோ? ஓக்கு முதலிய மரங்கள் அசெட்டிக அமில ஆவியைக் கசிய விடுகின்றன. காடியின் புளிப்பும் அவ்வமிலமே. ஆவி ஈயத்தைத் தாக்க, காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் துணைசேர, வெண்பொடி பூக்கிறது. முற்கால ஐரோப்பியர் வெள்ளை வண்ணம் செய்யக் காடிக் கலத்தின்மேல் ஈயத்தை வைத்தனர். அதனையே நாம் பேழைக்குள் அறியாது செய்கிறோம்! பொடி உதிருங்கால் எழுத்தும் உடன் உதிரும்.

வெள்ளிக்குப் பகை கந்தகம். கம்பளி, இரப்பர் இவற்றினின்று வரும் கந்தக ஆவியால் வெள்ளிக்காசு முதலில் பொன்னிறமாகும். பின் நீலம் பாய்ந்து, முடிவில் கறுக்கும்.

பொன் இவற்றிற்கு அசையாது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த உரோமப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசர் தலை சிதைந்திருப்பது உளிவெட்டால்; காற்றால் அன்று.

ஆகவே ஈயக் காசுக்கு மரப்பெட்டியும் மட்டமான அட்டையும் ஆகா. அமிலமற்ற தாளும் உலர்ந்த கண்ணாடிக் கலமும் வேண்டும்.