வயலுக்கும் அடுப்படிக்கும் இடையே

மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில், மண்டிக்கு வெளியே விற்பனை, ஒப்பந்த சாகுபடி ஆகிய இரண்டுமே பெரிதும் விவாதிக்கப்பட்டன. நுகர்வோரின் அடுப்படியை நேரடியாகத் தொட்ட அத்தியாவசியப் பொருள்கள் திருத்தச் சட்டம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

வணிகர்கள் வைத்திருக்கும் தானிய இருப்புக்கு வரம்பு விதிக்க, 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. எளிதில் கெடாத உணவுப் பொருள்களின் சில்லறை விலை 50 சதவீதமும், தோட்டக்கலைப் பொருள்களின் விலை 100 சதவீதமும் உயர்ந்தால் மட்டுமே வரம்பு விதிக்கலாம் என்றது 2020 திருத்தம். உச்சநீதிமன்றம் 2021 ஜனவரியில் மூன்று சட்டங்களையும் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது.

பழைய சட்டம் மீண்டதன் பயன் 2023 ஜூனில் தெரிந்தது. அப்போது கோதுமைக்கு இருப்பு வரம்பு விதிக்கப்பட்டது. விலை 50 சதவீதம் உயரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம், அயல்நாட்டு வணிகச் சட்டத்தின் கீழ், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி வந்தது. இவையெல்லாம் நுகர்வோரைக் காக்க எடுக்கப்பட்டவை. ஆனால், அரிசி விலையைத் தடுத்தால் நெல் விலையும் தடைபடும்.

இந்த முரண்பாட்டை நாஞ்சில் நாட்டில் ஒரே வீட்டுக்குள் காணலாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீரால் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் பகுதி இது. கடனை அடைக்க அறுவடைக் களத்திலேயே நெல்லை விற்கும் சிறு விவசாயி, சில மாதங்களில் அரிசிக் கடைக்குச் செல்கிறார். விற்கும்போது விலை உயர வேண்டும். வாங்கும்போது குறைய வேண்டும். அவர் விவசாயியா, நுகர்வோரா? இரண்டும்தான்.

எனவே, இருப்பு வரம்பு அதிகாரம் அரசிடம் இருக்கட்டும். பதுக்கலைத் தடுக்க அது தேவை. ஆனால், நுகர்வோருக்காக விலையைக் கட்டுப்படுத்தும் அரசு, அதன் சுமையை உழவர் மீது ஏற்றுவது நியாயமாகாது. அறுவடை நாளிலேயே வயலுக்கு அருகில் கொள்முதல் நிலையம் திறக்கப்பட வேண்டும். மழையில் நனைந்த நெல் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டினால் திருப்பி அனுப்பாமல், உலர்த்தித் தரும் இயந்திரம் அங்கேயே இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்போடு நின்றுவிடாமல் கைக்கு வந்து சேர வேண்டும்.

மலிவான அரிசி தேசத்தின் தேவை என்றால், அதற்கான விலையையும் தேசமே கொடுக்க வேண்டும்.