புதுக்கோட்டையின் வரவு செலவும் அவை உறுப்பினரும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நெடுங்காலம் வரவு செலவைத் தீர்மானித்தவர்கள் அரசரும் திவானும்தான். நிலவருவாயின் பெரும்பகுதி அமானி முறையில் வந்தது. விளைச்சலில் அரசின் பங்கு தானியமாகவே களத்தில் அளக்கப்பட்டதால், வரப்போகும் வருவாயை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வருவாயே நிச்சயமில்லாத இடத்தில் வரவு செலவுத் திட்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 1878இல் திவானான அ. சேஷையா சாஸ்திரி அமானியை ஒழித்துப் பணத்தீர்வையைக் கொண்டுவந்தார். இனாம் நிலங்களுக்கும் அவர் காலத்திலேயே கணக்கு முடிந்தது. 1887இல் சமஸ்தானத்தில் உப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாக ஆங்கில அரசு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் கொடுத்தது. கஜானாவுக்கு எவ்வளவு வரும் என்று முன்பே சொல்லக்கூடிய நிலை இப்படித்தான் உருவாயிற்று. செலவில் மட்டும் பழைய வழக்கங்கள் தொடர்ந்தன. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அம்மன் காசு என்ற சமஸ்தான நாணயத்தை வழங்குவது அவற்றில் ஒன்று.

அந்தக் கணக்கைப் பற்றிப் பொதுமக்கள் தரப்பில் பேச முதன்முதலில் வழி திறந்தது 1902இல். மைசூரில் 1881 முதல் இருந்த பிரதிநிதி சபையைப் பார்த்து இங்கும் ஒன்று அமைந்தது. தொடக்கத்தில் எல்லாரும் நியமன உறுப்பினர்கள். 1907 முதல் ஒரு பகுதியினர் தேர்தல் வழியே வந்தனர். ஊருக்குச் சாலை வேண்டும், கண்மாயைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். கேட்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் நிலையும் அப்போது ஏறக்குறைய இதுவே. 1892 சட்டப்படி மாகாண சபை உறுப்பினர் நிதிநிலை அறிக்கையை விவாதிக்கலாம், அதன்மீது வாக்களிக்க முடியாது.

1924இல் பிரதிநிதி சபையின் இடத்தில் சட்டசபை வந்தது. 50 உறுப்பினரில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பெரும்பான்மை இருந்தும் அதிகாரம் சொற்பம். இறுதிச் சொல் நிர்வாகத்திடமே இருந்தது. 1928இல் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இராஜகோபாலத் தொண்டைமான் அப்போது சிறுவர். அந்த ஆண்டுகளின் நிர்வாகம் சபைக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. 1931இல் வரி உயர்வை எதிர்த்து நகரில் பெருங்கலவரம் மூண்டது. சபையில் பேசித் தீராதது தெருவுக்கு வந்தது என்றே அதைக் கொள்ள வேண்டும். அந்நாளைய போராட்டத்தில் பெயர்பெற்ற முத்துசாமி வல்லத்தரசு 1952இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

சமஸ்தானத்தில் பிறந்த இருவர் 1920களில் சென்னை சட்டசபையில் அமர்ந்திருந்தது வரலாற்றின் வேடிக்கை. 1919 சட்டம் அங்கே துறைகளின் செலவுக்கான மானியக் கோரிக்கைகள்மீது வாக்களிக்கும் உரிமையைத் தந்திருந்தது; ஆனால் நிதித்துறை ஆளுநரின் நிர்வாக சபையிடமே இருந்தது, சபை வெட்டியதை ஆளுநர் மீட்கவும் வழி இருந்தது. திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி சுயராஜ்யக் கட்சிக்காரராக அரசின் கணக்கைக் கேள்விமேல் கேள்வியாகத் துளைத்தவர். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சபையின் துணைத் தலைவரானார். அவர் வழி வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி என்று, அரசு செலவிட மறந்த இடங்களை அவர் சுட்டிக்காட்டினார். நிதி வேண்டாம் என்று தடுப்பதைவிட, எதற்கு நிதி வேண்டும் என்று சொல்வது கடினமான வேலை. அந்த வகையில் அவருடைய பங்கே பெரிது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. புதுக்கோட்டைக்கென இருந்த தனி வரவு செலவுத் திட்டம் அத்தோடு முடிந்தது. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டம் ஆனபோதும் கணக்கு சென்னையிலேயே எழுதப்பட்டது. மாவட்டத்தின் பங்கு இப்போது கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி ஆகிய ஆறு தொகுதிகளின் உறுப்பினர்கள் வாய்வழியே கேட்கப்படுகிறது.

அவர்களுடைய அதிகார எல்லையை அரசியலமைப்பின் 203ஆம் பிரிவு வகுத்துள்ளது. மானியக் கோரிக்கையைச் சட்டப்பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாயும் கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரையின்றி எந்தக் கோரிக்கையும் அவைக்கு வராது. எனவே உறுப்பினர் கையில் மிஞ்சுவது வெட்டுத் தீர்மானம். நூறு ரூபாயைக் குறைக்கக் கோரும் அடையாள வெட்டு பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அல்ல, குறையைச் சொல்வதற்காக. பெரும்பான்மை ஆளுங்கட்சியிடம் இருப்பதால் தீர்மானம் வெல்வது அரிது. உண்மையான பேரம் அறிக்கை தாக்கலாவதற்கு முன்பே, அமைச்சர்களிடமும் துறைச் செயலர்களிடமும் நடக்கிறது. அவையில் எஞ்சுவது "அரசு முன்வருமா?" என்ற கேள்வியும், "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலும்.

உறுப்பினர் தாமே வேலைகளைத் தேர்ந்து பரிந்துரைக்க முடிவது தொகுதி மேம்பாட்டு நிதியில்தான். ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் அளவிலான அந்தத் தொகை கட்டடம், சாலை, குடிநீர் போன்ற உள்ளூர் வேலைகளுக்கு ஆகும். 2022இல் முதலமைச்சர் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் பத்து முதன்மைத் தேவைகளைப் பட்டியலிட்டுக் கேட்டதும் இந்த வகையைச் சேர்ந்ததே. வற்றாத ஆறு இல்லாத இந்த மாவட்டத்தின் பெருந்தேவை அந்த அளவுக்குள் அடங்காது. 2021 பிப்ரவரி 21இல் விராலிமலையை அடுத்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்தின் மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அந்த அளவு பணம் மாநில நிதிநிலை அறிக்கைகள் வழியே பகுதி பகுதியாகத்தான் வரமுடியும். ஆகவே நீர்வளத்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாள் புதுக்கோட்டை உறுப்பினர்களுக்கு முக்கியமான நாள்.