மாஸ்கோவில் நால்வர் நீந்திய பந்தயம்



அஞ்சல் ஓட்டம் நாம் எல்லாரும் அறிந்த ஒன்று. தோட்டப் பள்ளிகளின் விளையாட்டு நாளன்று பெற்றோர் திடலின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்று பார்ப்பது இந்த ஓட்டத்தைத்தான். நீச்சலிலும் இப்படி ஒரு பந்தயம் உண்டு. நால்வர் நான்கு விதமாக, ஆளுக்கு 100 மீட்டர் நீந்த வேண்டும். முதலாமவர் மல்லாந்து நீந்துவார். இரண்டாமவர் தவளையைப் போல் நீந்துவார். மூன்றாமவர் வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதைப் போல் இரு கைகளையும் ஒருங்கே வீசி நீந்துவார். நான்காமவர் தமக்கு வேகமான முறையில் நீந்தி முடிப்பார்.

மல்லாந்து நீந்துபவர் ஏன் முதலில் வர வேண்டும்? மற்ற மூவரும் மேடையிலிருந்து குதிக்கிறார்கள். இவரோ தண்ணீருக்குள் சுவரைப் பற்றிக்கொண்டு புறப்படுகிறார். இவரை நடுவில் வைத்தால், நீந்தி வருபவரும் புறப்படுபவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள் அல்லவா?

பால்மரத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இந்தப் பந்தயம் எளிதில் விளங்கும். மரம் வெட்டுபவர் ஒருவர். ஆலையில் பாலை உறைய வைப்பவர் ஒருவர். உருளையில் கொடுத்துத் தகடாக்குபவர் ஒருவர். புகைக்கூடத்தில் உலர்த்துபவர் ஒருவர். வேலை வேறு வேறு. ஆனால் ஒருவர் தவறினாலும் தகடு முதல் தரம் பெறாது.

ஒலிம்பிக்கில் ஆடவருக்கான இந்த நீச்சல் 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் முதன்முதலாக நடந்தது. அன்று தொடங்கி 1976 வரை ஐந்து முறையும் அமெரிக்கரே வென்றனர். 1980இல் ஒலிம்பிக் மாஸ்கோவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1979 டிசம்பரில், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதைக் கண்டித்து, மாஸ்கோவுக்குப் போவதில்லை என்று அமெரிக்கா முடிவு செய்தது. பல நாடுகள் அவ்வாறே ஒதுங்கின. 80 நாடுகளே பங்கெடுத்தன.

ஒதுங்கிய நாடுகளுள் நம் மலேசியாவும் ஒன்று. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நம் காற்பந்துக் குழு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று ஒலிம்பிக் தகுதியைப் பெற்றிருந்தது. கோல் காவலர் ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங் என்று பல இனத்தவர் சேர்ந்து பெற்றுத் தந்த தகுதி அது. அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அவர் ஒலிம்பிக் திடலில் நிற்கும் வாய்ப்பு வரவே இல்லை.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. அந்நாட்டுப் பிரதமர் மால்கம் பிரேசர், வீரர்கள் போகக் கூடாது என்று வற்புறுத்தினார். ஒலிம்பிக் சம்மேளனம் வாக்கெடுத்தது. போகலாம் என்றவர்கள் ஆறு பேர். வேண்டாம் என்றவர்கள் ஐந்து பேர். ஒரே ஒரு வாக்கில் வழி திறந்தது. வீரர்கள் தங்கள் நாட்டுக் கொடியை விடுத்து, ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தனர்.

ஜூலை 24ஆம் நாள் இறுதிப் போட்டி நடந்தது. மார்க் கெரி மல்லாந்து நீந்தினார். பீட்டர் இவான்ஸ் தவளை நீச்சலில் குழுவை முன்னுக்குக் கொண்டுவந்தார். மூன்றாமவர் மார்க் டொனெலி. இவர் உண்மையில் மல்லாந்து நீந்துவதில் பேர் பெற்றவர். குழுவின் தேவைக்காக வண்ணத்துப்பூச்சி நீச்சலை ஏற்றுக்கொண்டார். கடைசியாக நீல் புரூக்ஸ் குதித்தபோது சோவியத் குழு சற்றே முந்தியிருந்தது. புரூக்ஸ் எட்டிப் பிடித்தார். இறுதி வீச்சுகளில் மூச்சுகூட எடுக்காமல் நீந்திச் சுவரைத் தொட்டார். ஆஸ்திரேலியாவின் நேரம் 3 நிமிடம் 45.70 வினாடி. சோவியத் குழுவின் நேரம் 3 நிமிடம் 45.92 வினாடி. நாம் கண் இமைக்கும் நேரந்தான் வித்தியாசம்!

அமெரிக்கர் வராததால் கிடைத்த தங்கம்தானே இது என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1984 முதல் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் வரை இந்தப் பந்தயத்தில் மீண்டும் அமெரிக்கரே வென்றனர். 2024இல் பாரிஸ் நகரில்தான் சீனக் குழு அவர்களை நேருக்கு நேர் வீழ்த்தியது. அதே மாஸ்கோவில் சென்னைத் தமிழர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஹாக்கித் தங்கம் வென்றது. அங்கும் சில வலுவான குழுக்கள் வரவில்லை.

ஆயினும், வந்தவர்களோடுதானே ஒருவர் போட்டியிட முடியும்? வராதவர்களின் இழப்பை வென்றவர்களின் மேல் சுமத்துவது முறையாகாது. அவ்வாறே, போக முடியாமற்போன நம் குழு தகுதியற்ற குழுவாகி விடவும் இல்லை. மெர்டேக்கா அரங்கில் அது பெற்ற வெற்றி வெற்றிதான்.

பந்தயப் பட்டியலில் வந்தவர்களின் பெயர்தான் இருக்கும். வர முடியாதவர்களைப் பட்டியல் சொல்லாது. நம் பேராக் மாநிலத்தை எண்ணிப் பார்ப்போம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய இடங்களெல்லாம் ஆழமான குட்டைகளாகக் கிடக்கின்றன. தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் முறையாக நீந்தக் கற்ற பிள்ளைகள் தோட்டங்களில் எத்தனை பேர்? அவர்களை எந்த அரசும் தடுக்கவில்லை. நீச்சல் குளம் தொலைவில் இருந்தது, கற்பிக்க ஆளில்லை, கட்டணத்துக்குக் காசில்லை. பந்தயத்துக்கு முன்பே அவர்கள் நின்றுவிட்டார்கள். குட்டையில் தாமாக இறங்கிய பிள்ளைகள் சிலர் உயிரோடு திரும்பவும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைக் குட்டைப் பக்கம் விடாதீர்கள். அதே சமயம், தண்ணீரே வேண்டாம் என்று அஞ்சி ஒதுக்கியும் விடாதீர்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்தினால், பட்டணத்துப் பொது நீச்சல் குளத்துக்குப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டுபோகலாம். ஆசிரியர்களாகிய நாங்களும் உடன் வருவோம். பதக்கம் வருகிறதோ இல்லையோ, பிள்ளை நீந்திக் கரையேறினால் அதுவே பெரிய வெற்றி.