கடல் கடந்த ரூபா



தமிழிலே 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றது நேர்மை. வகுப்பிலே இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் என் அத்தையின் கடிதமொன்று எனக்கு நினைவுக்கு வரும்.

அத்தை, 1978 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து இந்தியா சென்றவர். போய்ச் சில வாரங்களில் என் தந்தைக்கு எழுதினார்: "பெரியண்ணன் கொண்டுவந்ததும் மூவாயிரம், நான் கொண்டுவந்ததும் மூவாயிரம். அவர் காசு பெருகியது, என் காசு பாதியாகிவிட்டது. இது என்ன நியாயம் தம்பி?"

பெரியப்பா பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1968 இன் தொடக்கத்திலேயே போய்விட்டவர். கொண்டுபோன பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அத்தைக்காக வங்கிக்குப் போய்ப் பணத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஆகவே இடையில் எங்கோ நாணயம் தவறிவிட்டது என்று அத்தை நம்பினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் அன்று நின்ற பேச்சு, இருவரும் மறையும்வரை தொடரவேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். அதன் விடையை அறிய இரண்டு ரூபாக்களின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் 1825 இல் பிரித்தானியர் தங்கள் ஸ்டேர்லிங் நாணயத்தைப் புகுத்தினர். ஆயினும் தென்னிந்தியாவோடு நடந்த வணிகம் இந்திய ரூபாவையே இங்கு புழங்க வைத்தது. 1836 இல் அது இங்கும் சட்டபூர்வ நாணயமாக ஏற்கப்பட்டது. 1872 இல் ரூபாவை 100 சதமாகப் பிரிக்கும் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலோ 1957 வரை ரூபாவுக்குப் பதினாறு அணா என்ற கணக்கே இருந்தது. சில்லறை வேறானாலும் ரூபா ஒன்றுதான். 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின் இலங்கை அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. அந்த நோட்டும் இந்திய ரூபாவோடு ஒன்றுக்கு ஒன்று என்றே பிணைக்கப்பட்டிருந்தது.

1950 ஆகஸ்ட் 28 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது அந்தப் பிணைப்பு அறுந்தது. ஆனால் இரு நாடுகளும் தத்தம் ரூபாவுக்கு ஒரே அளவான தங்கப் பெறுமதியையே வைத்திருந்தன. டொலருக்கு 4 ரூபா 76 சதம், அங்கும் இங்கும் அதுவே. அதனால் தலைமன்னாரில் ஒரு ரூபா என்றால் மறுகரையிலும் ஒரு ரூபாதான்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இந்தச் சமநிலை நிலவிய காலத்திலேதான். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் அதில் முடிவானது. போகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் எழுதப்பட்டது. எண்ணுக்கு உத்தரவாதம் இருந்தது. அந்த எண் கடலுக்கு அப்பால் எவ்வளவு பெறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டு யுத்தங்களாலும் வறட்சியாலும் அந்நியச் செலாவணி நெருக்கடியாலும் தளர்ந்திருந்த இந்தியா, 1966 ஜூன் 6 இல் தன் ரூபாவை மதிப்பிறக்கம் செய்தது. டொலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆகியது. இலங்கை அப்போது அசையவில்லை. ஆகவே ஒரு இலங்கை ரூபாவுக்கு ஒன்றரை இந்திய ரூபாவுக்கும் மேல் என்றொரு காலம் வந்தது! 1967 நவம்பரில் பிரித்தானியப் பவுண் சரிந்ததைத் தொடர்ந்து இலங்கையும் 20 வீதம் மதிப்பிறக்கியது. டொலர் 5 ரூபா 95 சதமானது. அப்படியும் நம் ரூபா, இந்திய ரூபாவில் 1.26 பெற்றது. பெரியப்பா போனது இந்த விகிதத்திலேதான். அவருடைய 3,000 ரூபா அங்கே ஏறத்தாழ 3,780 ரூபாவாக ஆனது.

அத்தையின் காலம் வேறு. 1977 நவம்பரில் புதிய அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, அதுவரை இருந்த இரட்டை மாற்று விகிதத்தையும் ஒழித்தது. டொலர் 16 ரூபா ஆகியது. இந்தியாவிலோ டொலர் 9 ரூபாவுக்கும் குறைவு. சில மாதங்களில் புறப்பட்ட அத்தையின் 3,000 ரூபா அங்கே ஏறத்தாழ 1,600 ரூபாவாகச் சுருங்கியது. இந்தப் பத்து ஆண்டில் அங்கே விலைவாசி ஏறியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் அவர் இழந்தது இன்னும் அதிகம்.

திறந்த பொருளாதாரத்தின் நன்மை தீமைகளை அறிஞர்கள் விவாதிக்கட்டும். அந்த விகிதம் தேயிலை ஏற்றுமதியாளருக்கு ஒரு டொலருக்கு அதிக ரூபாவைக் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தேயிலையை இருபது, முப்பது வருடம் கொழுந்தாய்க் கிள்ளியவர், அதே வேளையில் தன் சேமிப்பை ரூபாவாக எடுத்துக்கொண்டு கரையைக் கடந்தார். ஒப்பாரிக் கோச்சி என்று நம்மவர் அழைத்த அந்த ரயிலில் ஏறியவர்களுக்கு, பிரிவின் துயரம் தெரிந்தது. மடியில் முடிந்த காசு கரைந்துகொண்டிருப்பது தெரியவில்லை.

பின்னாளில் இடைவெளி இன்னும் கூடியது. 2022 இன் நெருக்கடியில் ஒரு இந்திய ரூபாவுக்கு நாம் நாலரை ரூபாவுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று இருந்த காலத்தைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, தமிழ்நாட்டில் இருக்கும் அத்தை மகளுக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வந்தது. அம்மாவின் தகரப் பெட்டியில் வங்கிச் சீட்டு ஒன்று இருந்ததாம். அதிலுள்ள தொகை என் கணக்கோடு ஒத்துப்போகிறதாம். சீட்டை எடுத்துக்கொண்டு அன்று மாலையே பெரியமாமா வீட்டுக்குப் போனாளாம்.

"நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த வீட்டு வாசலில் எங்கே செருப்பைக் கழற்றுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.